மாதத்தில் ஐந்து நாள் காலி செய்யும் வீடு

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேராவது வாடகை வீட்டில் வளர்ந்திருப்போம். சுவரில் ஆணி அடித்ததற்கும், கிணற்றுக் கயிற்றை ஈரத்தோடு சுருட்டி வைத்ததற்கும் திட்டு வாங்கியிருப்பீர்கள். விருந்தாளி ஒரு நாள் கூடத் தங்கினால் வீட்டுக்காரம்மா முகம் எப்படிப் போகும் என்பதை இன்றைக்கும் நடித்துக் காட்டிப் பேரன் பேத்திகளைச் சிரிக்க வைப்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். எனக்கும் ஒரு வீட்டுக்காரம்மா இருந்தாள். அவளை நடித்துக் காட்ட மட்டும் எனக்கு வாய் வராது.

இதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் என்னைப் பெற்ற இரண்டு பேர். இருவருமே இப்போது இல்லை. மிச்சம் இருப்பது நீங்கள்தான். அதனால் உட்கார்ந்து கேளுங்கள்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு குப்பம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்குக் கட்டுமரம். அக்காவுக்கு அப்போது பதினாறு வயது, எனக்குப் பத்து. எழுபதுகள் தொடங்கிய சமயம். அக்காவுக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. போய்விட்டது என்று நினைத்தோம். அது எங்கும் போகவில்லை, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பதினைந்து வயதில் கூடை தூக்கினால் மூச்சு வாங்கியது. பதினாறில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வாங்கியது. சாயங்காலமானால் கால் வீங்கிவிடும். விரலால் அமுக்கினால் குழி விழும், நெடுநேரம் அப்படியே இருக்கும். நான் அதை விளையாட்டு மாதிரி அமுக்கிப் பார்ப்பேன்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி டாக்டர் அம்மாவிடம் சொன்னார்: "இருதயத்துல கதவு சரியா மூடலம்மா. மூச்சு ஜாஸ்தியாச்சுன்னா உடனே இங்க வந்தாகணும். நீங்க கடற்கரையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்து சேர்றதுக்குள்ள ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும். கிட்டத்துல ஒரு ரூம் பார்த்து வெச்சுக்குங்க."

ரூம் பார்த்த கதையைத் தனியாகவே எழுதலாம். அம்மாவும் நானும் ஆனி மாத வெயிலில் ஏரிக்கரைப் பக்கத்துப் பழைய தெருக்களைச் சுற்றினோம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கட்டியது என்று அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு பெருமை. இருபக்கமும் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள். மாடி என்ற பேச்சே கிடையாது. குனிந்தால்தான் நுழைய முடிகிற வாசல், உள்ளே போனால் கல்யாணமே நடத்தலாம் போல ஒரு முற்றம், அதைச் சுற்றி நாலு குடும்பம் ஐந்து குடும்பம் குடித்தனம். தெருமுனையில் நின்றால் ஒரு பக்கம் ஏரிப்பாசி வாடை, இன்னொரு பக்கம் ரயில் கரிப்புகை. காதில் எந்நேரமும் ஷண்டிங் சத்தம்.

எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் நடந்தது. முதலில் "எந்த ஊரு?" பிறகு மூக்கு ஒரு தரம் சுருங்கும். சரி, அதையும் பொறுத்துக்கொண்டு "எத்தினி பேரு?" என்பார்கள். அம்மாவுக்குப் பொய் வராது. "ஒரு பொண்ணுக்கு ஒடம்பு செரியில்லீங்க, அதுக்காவத்தான்" என்று சொல்லிவிடுவாள். உடனே அந்த அறையை நேற்றே யாருக்கோ பேசிவிட்டதாக ஞாபகம் வந்துவிடும். தொற்று நோய் என்று பயந்தார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு பெரியவர் மட்டும் உள்ளதைச் சொன்னார். "நோயாளிய வெக்கறது பெரிசில்லமா. நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அன்னிக்கு இன்னா நட்சத்திரம் இருக்குமோ, யாரு கண்டா?"

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த ஐந்து நட்சத்திரத்தில் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டுக்கு அடைப்பு. ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும், விளக்கு வைக்கக் கூடாது. பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். மாதா மாதம் அடுத்தடுத்து வருகிற ஐந்து நாட்கள் இவை. குடித்தனக்காரர்களை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட பயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ போன வீடுதான் அது. வீட்டுக்காரம்மாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். பிள்ளை இல்லை, புருஷனும் போய்விட்டார். வாயில் புகையிலை. எங்களைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப் போனாள். செம்மண் நிறத்துச் சிமெண்டுத் தரை, சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல், மேலே ஒரு கண்ணாடி ஓடு. பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் இடம் மட்டும் புதுப் பூச்சாகத் தனியாகத் தெரிந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மறைக்க மாட்டேம்மா" என்றாள் வீட்டுக்காரம்மா. "என் வூட்டுக்காரரு இந்த ரூம்புலதான் போனாரு. சதயம். அந்தச் செவுத்த ஒடச்சித்தான் தூக்கினாங்க. ஆறு மாசம் வூடு அடச்சி கெடந்துது. குடித்தனக்காரங்க அத்தினி பேரும் மூட்டைய கட்டிகினு பூட்டாங்க. நான் ஊரப்பாக்கத்துல தம்பி வூட்ல போய்க் கெடந்தேன். தட்டு எப்டி தரையில வந்து உயுதோ, அத்த வெச்சித்தான் அன்னிக்கு எனக்கு இன்னா மரியாதின்னு தெரிஞ்சுக்குவேன். திரும்பவும் அந்த மாறி ஒரு ஆறு மாசம் என்னால ஆவாது."

அம்மா திரும்பிப் போகத்தான் பார்த்தாள். வீட்டுக்காரம்மாவே மறித்தாள்.

"பொண்ணு இருக்கட்டும். நான் வேணாம்னு சொல்லல. மாசத்துல அந்த அஞ்சு நாளு மட்டும் உங்க ஊருக்கு இட்டுகினு போயிடு. ஆறா நாளு கூட்டியா. நானே கதவத் தொறந்து வெக்கறேன்."

"எங்களுது ஓலை வூடுங்க" என்றாள் அம்மா. "அப்டி ஏதாச்சும் ஆனாக்கூட பிச்சிப் போட்டுட்டு வேற கட்டிக்கலாம்."

கத்தரிக்காய் பேரம் முடிந்த மாதிரி முடிந்துவிட்டது. பெற்ற பெண் எந்தக் கூரைக்குக் கீழே சாகலாம் என்று அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான், கால் அப்படி வலித்தது.

ஆடி பிறக்கும் முன்பே பால் காய்ச்சிக் குடி வந்தோம். பம்ப் ஸ்டவ்வில் பால் பொங்கி வழிந்து ஸ்டவ் அணைந்துபோனது. அக்கா சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிப் படுத்துவிட்டாள்.

அக்காவுக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று. மழை பெய்தால் ஒழுகாத கூரையை அவள் முதல் முறையாகப் பார்க்கிறாள். கண்ணாடி ஓட்டிலிருந்து விழும் வெயில் தரையில் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். அது எங்கே வந்தால் நான் பள்ளிக்கூடம் விட்டு வருவேன் என்று கூடச் சொல்லிவிடுவாள். டாக்டர் உப்பை அறவே நிறுத்தச் சொல்லியிருந்தார். குப்பத்தில் பிறந்தவளுக்கு உப்பில்லாத கஞ்சி. நைனா வரும்போது கொண்டுவரும் கருவாட்டை அம்மா எனக்கு மட்டும் வறுத்துத் தருவாள். நான் தின்று முடித்ததும் அக்கா என் கையைப் பிடித்து விரலை முகர்ந்து பார்ப்பாள். "கைய இப்பவே கழுவாதடி, இன்னும் செத்த இருக்கட்டும்" என்பாள்.

வீட்டுக்காரம்மாவுக்கு மற்ற குடித்தனக்காரர்களிடம் சிரித்துப் பேசுகிற வழக்கம் கிடையாது. எங்கள் அறைக்கு மட்டும் மத்தியானமானால் தாயக்கட்டையோடு வந்துவிடுவாள். அக்கா படுத்தபடியே ஆடுவாள். வீட்டுக்காரம்மா கள்ளாட்டம் ஆடுவாள், அக்கா கண்டுபிடிப்பாள், இருவரும் அப்படி ஒரு சண்டை போடுவார்கள். அக்காவின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். பிறகு வாரக் கடைசியில் அம்மாவிடம் வந்து, "இந்த வாட்டி அவுட்டம் எப்போ பொறக்குது, தெரிஞ்சிக்கினியா?" என்று கேட்பாள். அதே வாய்தான். இன்றைக்கு யோசித்தால் எனக்கு அவள் மேல் கோபம் வருவதில்லை. பாசமும் பயமும் ஓர் ஆளுக்குள் ஒன்றாகக் குடித்தனம் செய்யாதா என்ன?

எப்போது பிறக்கிறது என்று தெரிந்துகொள்வது என் வேலை. வீட்டுக்காரம்மாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் காலண்டர் முன்கட்டில் வீட்டுக்காரம்மா பக்கம் தொங்கியது, அவளால் அத்தனை தூரம் நடக்க முடியாது. அரிசிமண்டியில் கொடுத்த தினசரிக் காலண்டர். காலையில் நான்தான் தாளைக் கிழிப்பேன். திதி என்ன, நட்சத்திரம் எத்தனை மணி வரை, ராகு காலம் எப்போது என்று சத்தமாகப் படிப்பேன். குடித்தனக்காரர்கள் அவரவர் வாசலில் நின்று கேட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் கருவாடு. பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். இங்கே மட்டும் பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்த ஐந்து நாள் எனக்கு விடுதலை. பள்ளிக்கூடம் கிடையாது. குப்பத்தில் எனக்கு என் பெயர் உண்டு. மணலில் ஓடலாம், அலையில் விழலாம், யாரும் மூக்கைப் பிடிக்க மாட்டார்கள். அடுத்த அவிட்டம் எப்போது என்று காலண்டரின் உள் தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வைத்துக்கொள்வேன்.

அக்காவுக்கு அதே ஐந்து நாள் என்னவாக இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. கவனித்தேன், பொருட்படுத்தவில்லை. முதல் பஸ் கூட்டமில்லாமல் இருக்கும். அம்மா நீள சீட்டில் புடவையை விரித்து அவளைப் படுக்க வைப்பாள். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி அடுத்த பஸ். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அக்கா பல்லைக் கடித்துக்கொள்வாள். குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருக்கும். ஐந்து நாளும் பாயோடு கிடப்பாள். திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்.

மார்கழியில் அப்படி வந்தபோது டாக்டர் கத்தினார். "இந்தப் பொண்ண எங்கம்மா இழுத்துக்கிட்டுப் போறீங்க மாசா மாசம்? ஆடாம அசையாம இருக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?"

"கோயிலுக்குங்க" என்றாள் அம்மா. பொய்யே வராத அம்மா.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் வீட்டை மாற்றச் சொல்வார், வேறு வீடு கிடைக்காது என்று அவளுக்குப் பயம். டாக்டர் சொன்னதை வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால், அவ்வளவு மோசமா என்று உள்ள வீடும் போய்விடும் என்று இன்னொரு பயம். அம்மா இரண்டு பேரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்காரம்மா, "போவட்டும், இங்கியே இருக்கட்டும்" என்று சொல்லியிருப்பாளோ என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றி என்ன?

பொங்கல் வந்தது. நைனா கரும்போடு வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல் என்னிடம், "கடக்கரையில பெரிய ராட்டினம் வந்து எறங்கிக்கீதுடி. காணும் பொங்கலுக்கு ஜனம் இன்னா வரப்போவுது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். குதிரை கட்டிய ராட்டினம், கண்ணாடி வளையல் கடை, சவ்வு மிட்டாய். போன வருஷம் வரை ஒரு காணும் பொங்கலைக் கூட நான் விட்டதில்லை.

ஓடிப்போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். காணும் பொங்கலன்று காலையிலிருந்து திருவோணம். அவிட்டம் பிறப்பது அதற்கு மறுநாள் மத்தியானம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால் போதும். நாங்கள் போய்ச் சேரும்போது ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள்தான் இடித்தது.

மாட்டுப் பொங்கலன்று காலை தாளைக் கிழித்துப் படித்து முடித்ததும் வீட்டுக்காரம்மா கேட்டாள். "இந்த வாட்டி அவுட்டம் எப்போ பொறக்குது?"

"நாளைக்கு" என்றேன். "நாளைக்குக் காலீல."

"இன்னாடி இது, பண்டிக அதுவுமா" என்று முணுமுணுத்தபடி அம்மாவிடம் சொல்லப் போனாள். யார் போய்ச் சரிபார்ப்பது? காலண்டருக்கு வாய் நான்தானே.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். இரண்டு நாளாக அவள் படுக்கவே இல்லை, படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"நெஜமாவே நாளைக்கா?"

"ஆமா."

"எனக்கு முடியலடி. இன்னும் ரெண்டு நாளு இருந்தா கொஞ்சம் தேறிக்குவேன். நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"கடலு மேல சத்தியமா?"

எங்கள் ஆட்கள் அந்தச் சத்தியத்தை விளையாட்டுக்குக் கூடச் செய்ய மாட்டார்கள். கட்டுமரத்தில் நைனா இருக்கும்போது செய்யவே மாட்டார்கள். நான் செய்தேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் தூக்குச் சட்டியும் கட்டுச்சோறும் கரும்புமாகக் கடலுக்குக் கிளம்பி நின்றது. முதல் பஸ்ஸில் ஏற முடியவில்லை. இரண்டாவதில் ஒரு கண்டக்டர் அக்காவின் முகத்தைப் பார்த்து வழி விட்டு உட்கார வைத்தார். படுக்க எங்கே இடம்? மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர். அக்காவின் மடியில் யாரோ குழந்தையை வைத்தார்கள். அவள் தலைக்கு மேலே ஆட்கள் கவிந்து நின்றார்கள். திருக்கழுக்குன்றத்தில் மலைக்கு வந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. அடுத்த பஸ் இதை விட மோசம்.

என்னை ஓர் அம்மாள் மடியில் ஏற்றிக்கொண்டாள், கரும்பும் ஒரு துண்டு கொடுத்தாள். பஸ் முழுக்கப் பாட்டும் கைதட்டலும். நானும் கை தட்டினேன். சக்கையை ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டே ராட்டினத்தில் எந்தக் குதிரையில் உட்காருவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டிப் பாதி வழியில் அம்மாவின் குரல் கேட்டது. "நிறுத்துங்க! ஐயோ, காத்து வுடுங்க!" பஸ் நின்றது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆமாம், எரிச்சல்தான். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதற்கு நான் எழுதாமலே இருக்கலாம்.

அக்காவைத் தூக்கி வந்து சாலையோரப் புளியமர நிழலில் உட்கார வைத்தார்கள். வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை. மூச்சு இழுக்கும்போது தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். செங்கல்பட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்த வண்டியெல்லாம் கடலைப் பார்த்துத்தான் போனது. கூட்டத்தை இறக்கிவிட்டுத் திரும்பும் முதல் பஸ்ஸுக்காகச் சாலை நடுவில் நின்று நான்கு பேர் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. என்னவென்று எனக்குத் தெரியாது. அந்த பஸ் வருவதற்குள் போய்விட்டாள்.

எங்கள் பஸ்காரர்கள் பாவம், எவ்வளவு நேரம் நிற்பார்கள்? ஒவ்வொருவராக ஏறிக்கொண்டார்கள். பாட்டு மட்டும் பாடவில்லை. எனக்குக் கரும்பு கொடுத்த அம்மாள் இறங்கி எங்களோடு இருந்துவிட்டாள். ஒரு மாட்டு வண்டி பிடித்து, வைக்கோல் மேல் கிடத்தி, குப்பத்துக்குக் கொண்டுபோனோம். கடற்கரையில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்ததை வண்டியிலிருந்தே பார்த்தேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா வந்தாள். யார் சொல்லித் தெரிந்துகொண்டாளோ. எங்கள் பாத்திரங்கள், ஸ்டவ், என் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்துகொண்டு, சவுக்குத் தோப்பு வழியே மணலில் கால் புதையப் புதைய வந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளும் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் கருமாதிக்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கக்காரர் வந்து உட்கார்ந்தார். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டு, புத்தகத்தைப் புரட்டினார்.

"திருவோணம்" என்றார். "அடைப்பு ஒண்ணும் கெடியாது. வூட்டப் பிரிக்க வேணாம். நல்ல நாள்லதான் போயிக்கீது கொயந்த."

எல்லோருக்கும் மனசு கொஞ்சம் லேசானது. அம்மா மட்டும் தலையைத் தூக்கினாள்.

"அவுட்டம் இல்லியா?"

"அவுட்டம் மறுநாளு மத்தியானந்தாம்மா."

அம்மாவின் கண் என் பக்கம் திரும்பியது. அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. அவிட்டம் இல்லையென்றால் அன்றைக்கு எதற்காகக் கிளம்பினோம்? நாளைச் சொன்னது யார்? இன்னும் ஒரு நொடி போயிருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

"நாந்தாம்மா" என்றாள் வீட்டுக்காரம்மா.

அம்மா அவளைப் பார்த்தாள்.

"கொயந்த சரியாத்தான் படிச்சிது. ஒரு நாளு முன்னாடியே அனுப்பிட்டா எனுக்கு நிம்மதின்னு நாந்தான் மாத்திச் சொல்லச் சொன்னேன். கூட்ட நாளுன்னு எனக்குத் தோணல. என் புத்தி அப்டி பூட்ச்சி."

அம்மா இரண்டு கையாலும் மணலை வாரி அவள் மேல் வீசினாள். "பாவி! ஒன் ஓட்டு வூட்டக் காப்பாத்திக்க என் பொண்ண ரோட்ல சாவ வெச்சிட்டியேடி! நீ நல்லா இருப்பியாடி!" குப்பத்துப் பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா தலையில் விழுந்த மணலைத் தட்டிக்கூட விடவில்லை. வந்த வழியே நடந்து போனாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் என் பள்ளிக்கூடப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அவளைத் திட்டுவதுதான் மூச்சு. மீனுக்கு உப்பு வைக்கும்போது திட்டுவாள். மழை பெய்தால், "அவ வூட்டு ஓடு ஒண்ணொண்ணா நொறுங்கணும்" என்பாள். குப்பத்தில் அழுகிற குழந்தைக்கு, "செங்கல்பட்டு வூட்டுக்காரி வராடா" என்று பூச்சாண்டி காட்டுகிற அளவுக்கு ஆகிவிட்டது. திட்டி முடித்ததும் அம்மாவுக்குப் பசிக்கும், சாப்பிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிடுவேன்.

இருபத்திரண்டு வயதில் செங்கல்பட்டுப் பக்கத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. நைனா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா என்னோடு வந்துவிட்டாள். முதல் மாதமே ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தெருவுக்குப் போனேன். வீட்டுக்காரம்மா முற்றத்தில் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்துத்தான் அடையாளம் கண்டாள்.

"அம்மா எப்டி கீது?"

"இருக்காங்க."

"இன்னும் என்னத் திட்டிகினு கீதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு நான்தான் பொய் சொன்னேன். ராட்டினம் பார்க்கணும்னு."

"தெரியும்" என்றாள். கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "பஸ் ஏறப் போறப்போ நீ துள்ளிகினு போனியே, அப்பவே இன்னாவோ தோணிச்சி. பஞ்சாங்கக்காரரு சொன்னப்போ புரிஞ்சிடுச்சி."

"அப்புறம் ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"உங்கம்மாவுக்கு அன்னிக்கு ஒரு பொண்ணுதான் மிச்சம் இருந்துது. அதையும் வெறுத்துட்டா உங்கம்மா இன்னா பண்ணும்? அதுவும் இல்லாம, அஞ்சு நாளு வெளிய போன்னு சொன்னது நானு. நான் அத்த சொல்லாம இருந்தா நீ பொய் சொல்ல வேண்டியதே வந்திருக்காதே."

"நான் போய் அம்மாகிட்டச் சொல்லிடறேன்."

"சொல்லு. சொல்லிட்டா அப்புறம் அது யாரு கையால சோறு துன்னும்?"

நான் வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டாள். சொல்லவில்லை. அடுத்த வாரம் என்று நினைத்தேன், அடுத்த வருஷம் என்று நினைத்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் யாரோ பேச்சுவாக்கில், அந்தத் தெருவில் தனியாக இருந்த ஒரு கிழவி போய்விட்டாள், எடுத்துப் போடக்கூட ஆளில்லை என்றார்கள். விசாரித்தேன், அவள்தான். அன்றைக்கும் நான் வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் செத்தது தெரியாமல் அம்மா மேலும் பதினைந்து வருஷம் அவளைத் திட்டினாள். தெரியப்படுத்தினால் பேச்சு எங்கே போய் முடியுமோ என்று நான் பயந்தேன்.

அம்மா கடைசியாகப் படுத்தது ஒரு கோடையில். எண்பதைத் தாண்டியிருந்தாள். மத்தியானம், ஜன்னல் வழியாக வெக்கை அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் கிடந்தவள் என் கையைப் பிடித்தாள்.

"நம்ம செங்கல்பட்டு வூட்டுக்காரி" என்றாள்.

"இன்னாம்மா?"

"ரொம்பத் திட்டிட்டேன் அவள. பாவம், அதுக்கும் பயம்தான். வேணும்னா செஞ்சா? நான் மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லிட்டு வா. போறப்போ மனசுல எதுவும் வெச்சிகினு போவக் கூடாது."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். அந்த மன்னிப்பைக் கேட்டு வாங்க வேண்டியவள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு சோறு போட, கோபப்பட, வெறுக்க அவளுக்கு நாளே மிச்சமில்லை. எனக்கு என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது?

"சொல்றேம்மா" என்றேன்.

அம்மா திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.